பல்லைக் கொடுத்து நோவை வென்றவர்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

அறுவை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதுமே அடிவயிறு கலங்காதவர் எவரும் உண்டோ? நானும் கலங்கியவள்தான். சென்ற ஆண்டு இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த கையோடு என் தொண்டைச் சதையை அகற்றிவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அன்றிரவு முழுவதும் நான் உறங்கவில்லை. மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுப்பவளுக்கு வேறு வழியும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து மறுபடி கண் விழிக்காமலே போனவர்களின் கதைகளை எல்லாம் எங்கிருந்துதான் கொண்டுவருவார்களோ, பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போயினர். என் தாயார் பிள்ளையாருக்கு நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டார்.

ஆனால் நண்பர்களே, நடந்தது வேறு. அதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அந்த அறுவை சிகிச்சை எனக்குப் பிடித்திருந்தது!

அறுவை அரங்கின் குளிர்ந்த மேசையில் என்னைப் படுக்க வைத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா என்ன படிக்கிறாய் என்று கேட்டார். வேதியியல் என்றேன். அப்படியானால் தனிமங்களை வரிசையாகச் சொல்லு பார்க்கலாம் என்றார். கையில் குத்தியிருந்த ஊசியின் வழியே பால் போல் வெண்மையான மருந்து ஒன்று இறங்கியது. முழங்கை வரை சுருக்கென்று எரிந்தது. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று தொடங்கினேன். போரான் வரை போனதாக நினைவு. அதற்குள் எரிச்சல் மறைந்து வெதுவெதுப்பான ஏதோ ஒன்று என்னைத் தூக்கிக்கொண்டது. கட்ட வேண்டிய கல்விக் கட்டணம், கணிதத் தாளில் நின்றுபோன பாக்கி, அக்காளின் திருமணப் பேச்சு ஆகிய எல்லாச் சுமைகளையும் யாரோ என் தலையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாற்போல் இருந்தது. அடுத்த கணம் கண் விழித்தேன். எல்லாம் முடிந்திருந்தது. தொண்டை ரணமாய் வலித்தது. ஆயினும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. செவிலியர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு நன்றி நன்றி என்று நான் அழுததாகவும், தள்ளுவண்டி தள்ளிய பெரியவரைக் கூட விடவில்லை என்றும் என் தாயார் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. வீடு திரும்பி ஐஸ்கிரீமும் குழைந்த சோறும் தின்று தேறிய பின்னரும், அந்தச் சில விநாடிகளை நான் மறக்கவில்லை. படுக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, தேவைப்பட்டால் பின்னால் அதையும் அறுவை செய்து சரிசெய்யலாம் என்றார் மருத்துவர். என் தாயாரின் முகம் வெளுத்தது. என் உள்ளமோ துள்ளியது! துள்ளியதை உணர்ந்த மறுகணமே எனக்கு என்மீதே அச்சம் வந்தது. இது என்ன ஆசை?

அன்று வெளியே வரும் வழியில் அந்த மயக்க மருந்து டாக்டரம்மாவைக் கண்டேன். தயங்கித் தயங்கி அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மருந்தின் பெயர் புரோபோபால் என்றும், பலருக்கும் அது அப்படியொரு சுகத்தைத் தருவதுண்டு என்றும், விழிக்கும்போது சிலர் அழுவார்கள், சிலர் திரைப்படப் பாட்டுப் பாடுவார்கள் என்றும் விளக்கினார். பிறகு, வேதியியல் படிக்கிற பெண் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி ஒரு பெயரைச் சொன்னார். ஹொரேஸ் வெல்ஸ். பல் வைத்தியர். அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு அப்புறம் வந்து என்னிடம் பேசு என்றார். கிடைத்தவற்றை எல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கின்றேன்.

ஹொரேஸ் வெல்ஸ் 1815ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஹார்ட்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். அவர் வாழ்ந்து தொழில் நடத்திப் புகழ்பெற்ற ஊரின் பெயரும் ஹார்ட்போர்டுதான். ஆனால் அது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி நான் முதலில் குழம்பினேன். அக்காலத்தில் பல் மருத்துவத்திற்கென்று கல்லூரியே கிடையாது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பால்டிமோர் நகரில் 1840இல்தான் தோன்றியது. ஆகவே வெல்ஸ் 1834இல் பாஸ்டன் நகருக்குச் சென்று, தொழில் தெரிந்தவர்களிடம் இருந்தே கற்றுக்கொண்டார். 1836இல் ஹார்ட்போர்டில் தனியே தொழில் தொடங்கினார். 1838இல் பற்களைப் பற்றிய சிறு நூலொன்றை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் எலிசபெத் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். அவரிடம் தொழில் பழகிய இளைஞர்களுள் இருவர் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜான் ரிக்ஸ். மற்றவர் வில்லியம் மார்ட்டன்.

கைத்திறன் மிக்கவர், மென்மையான உள்ளம் படைத்தவர் என்று வெல்ஸைப் பற்றிச் சொல்கிறார்கள். மென்மையான உள்ளம் படைத்தவருக்கு அன்றைய பல் வைத்தியம் ஏற்ற தொழிலா? நினைத்துப் பாருங்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. காலை எடுக்க வேண்டுமானாலும், மார்பில் கட்டியை அறுக்க வேண்டுமானாலும், நோயாளி முழு நினைவோடுதான் படுத்திருக்க வேண்டும். திடகாத்திரமான ஆட்கள் நாலு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். வேகமாக அறுப்பவரே நல்ல மருத்துவர் என்று பெயரெடுத்தார். சாராயமும் அபினும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை போதவில்லை. பல் பிடுங்குவது இவற்றை நோக்கச் சிறியது என்றாலும், நாள்தோறும் நாலைந்து பேரின் கதறலைக் காதருகே கேட்டுக்கொண்டிருப்பது வெல்ஸுக்கு வேதனையாகவே இருந்திருக்க வேண்டும்.

இதில் வியப்பு என்னவென்றால், மருந்து கையருகிலேயே இருந்தது! நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை ஜோசப் பிரீஸ்ட்லி 1772லேயே கண்டறிந்துவிட்டார். நம் ஆய்வகத்தில் அம்மோனியம் நைட்ரேட்டை அளவோடு சூடாக்கினால் வருகிறதே, அதே வாயுதான். 1799இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்ற இருபது வயது இளைஞர் அதைத் தானே முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஏற்பட்ட பேரின்பத்தில் மீண்டும் மீண்டும் முகர்ந்தார். கவிஞர்கள் கோலரிட்ஜும் சதேயும் வந்து முகர்ந்தார்கள். கடைவாய்ப்பல் முளைக்கும்போது வந்த வலி அந்த வாயுவால் அடங்கியதையும் டேவி கவனித்தார். குருதி மிகச் சிந்தாத அறுவை சிகிச்சைகளில் இதைப் பயன்படுத்தலாம் என்று 1800இல் தம் நூலில் எழுதியும் வைத்தார். எழுதிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். படித்தவர்களும் அந்த வரியைக் கடந்து போய்விட்டார்கள். இன்பம் தருகிற பொருள் என்ற பெயர் வந்துவிட்டதனால், அது வைத்தியத்திற்கும் ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்த வாயு ஊர் ஊராய்ப் போய் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பூட்டும் வாயு என்று பெயரும் எடுத்தது.

அப்படியொரு வேடிக்கைதான் 1844ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, ஹார்ட்போர்டு நகரின் யூனியன் மன்றத்தில் நடந்தது. நடத்தியவர் கார்ட்னர் கோல்ட்டன். மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அவர் கொடுத்த விளம்பரம் படிக்கச் சுவையானது. நாற்பது காலன் வாயு தயாராக இருக்கும் என்றும், முகர்ந்தவர்கள் யாருக்கும் தீங்கு செய்துவிடாதபடி முன்வரிசையில் எட்டுப் பலசாலிகள் அமர்ந்திருப்பார்கள் என்றும், மதிப்புள்ள கனவான்களுக்கு மட்டுமே வாயு வழங்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. நம் ஊர்த் திருவிழாவில் வரும் மாயாஜாலக் கூடாரத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வெல்ஸ் மனைவியோடு அந்த வேடிக்கைக்குப் போனார். தாமும் மேடையேறி முகர்ந்து ஆடிப்பாடிவிட்டு வந்தார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை என்கிறார்கள். பின்னர் சாமுவேல் கூலி என்ற மருந்துக்கடைப் பணியாளர் முகர்ந்தார். முகர்ந்தவர் மேடையில் துள்ளிக் குதித்து ஓடியதில் பெஞ்சில் மோதிக் காலில் நல்ல அடி. வாயுவின் வேகம் தணிந்து வந்து வெல்ஸின் அருகே அமர்ந்தார். காலிலிருந்து இரத்தம் வழிந்தது. அடிபட்டதே தமக்குத் தெரியாது என்றார் கூலி.

மன்றத்தில் அன்று எத்தனை பேர் இருந்தார்களோ! அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் காலைப் பார்த்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதது ஒரு பல் வைத்தியரின் கண்ணில் பட்டது. வலி தெரியாமல் கால் கிழியுமானால், வலி தெரியாமல் பல்லும் வருமல்லவா?

வெல்ஸ் அதை யார்மீது சோதித்தார் தெரியுமா? தம் மீதே சோதித்தார். அவருக்கே ஒரு கடைவாய்ப்பல் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள், டிசம்பர் 11ஆம் நாள் காலையில், கோல்ட்டனை வாயுப் பையோடு தம் வைத்திய அறைக்கு வரவழைத்தார். பழைய மாணவர் ரிக்ஸையும் அழைத்தார். வேடிக்கைக்காரர்கள் கொடுப்பது போல் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளாமல், நினைவு தப்பும் வரை கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை எவரும் அந்த அளவுக்குப் போனதில்லை. போனவர் திரும்புவாரா என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.  வெல்ஸ் நாற்காலியில் சாய்ந்தார். பையை மடியில் வைத்துக் குழாயை வாயில் வைத்து இழுத்தார். தலை சாய்ந்தது. ரிக்ஸ் குறட்டால் பல்லைப் பற்றிப் பிடுங்கினார்.

சிறிது நேரத்தில் வெல்ஸ் கண் விழித்தார். குண்டூசி குத்திய அளவு கூட வலிக்கவில்லை என்று ஆனந்தக் கூச்சலிட்டார். பல் பிடுங்குவதில் புதிய காலம் பிறந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்து சொன்னதாக அங்கிருந்தவர்கள் பின்னாளில் பதிவு செய்துள்ளார்கள். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயில் இரத்தம், முகத்தில் மகிழ்ச்சி. தள்ளுவண்டிப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது நினைவுக்கு வந்தது. எனக்கு வந்த அந்த மகிழ்ச்சி என் பைத்தியம் அல்ல, இருநூறு ஆண்டுகளை நெருங்கும் பழைய மகிழ்ச்சி அது என்று அறிந்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

கோல்ட்டனிடம் வாயு தயாரிக்கும் முறையை வெல்ஸ் கற்றுக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வலியின்றிப் பல் பிடுங்கினார். இதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணலாமே என்ற பேச்சு எழுந்தபோது அவர் மறுத்துவிட்டார். நாம் மூச்சு விடும் காற்றைப் போல் இதுவும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அந்த ஒரு செயலுக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது.

1845 சனவரித் திங்களில் வெல்ஸ் பாஸ்டன் நகருக்குப் போனார். பழைய மாணவரும், இடையில் சிறிது காலம் கூட்டாளியாகவும் இருந்த மார்ட்டன் அப்போது அங்கேதான் இருந்தார். பெரிய அறுவை மருத்துவரான ஜான் காலின்ஸ் வாரன் தம் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் பேசவும் செய்து காட்டவும் வெல்ஸுக்கு இசைவளித்தார். முதலில் ஒரு கை கால் அறுவைக்குத்தான் ஏற்பாடு. அந்த நோயாளி மறுத்துவிட்டதால், பல்வலி கொண்ட ஒருவர் முன்வந்தார். வெல்ஸ் வாயுவைக் கொடுத்தார். பையை எடுத்தார். குறட்டை வைத்து இழுத்தார். நோயாளி அலறினார்!

அவ்வளவுதான். மாணவர் கூட்டம் சிரித்தது, சீறியது. மோசடி, பித்தலாட்டம் என்ற கூச்சல்கள் எழுந்தன. பல்லைக் கொடுத்தவர் பிறகு நிதானமாக, வழக்கமான வலி தமக்குத் தெரியவில்லை, எப்போது பல் வந்தது என்றே தெளிவாகத் தெரியவில்லை என்று சொன்னாராம். அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வகுப்பில் ஒரு சோதனை பிழைத்துப்போனால் நாமும் முதலில் சிரிக்கத்தானே செய்கிறோம்!

ஏன் பிழைத்தது? பையைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டதாக வெல்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் குற்றம் அவருடையது மட்டுமன்று. நைட்ரஸ் ஆக்சைடு வலுக்குறைந்த மயக்கப் பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில், உயிருக்குத் தேவையான ஆக்சிஜனையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டு, இந்த வாயு ஒன்றினால் மட்டும் முழு மயக்கத்தை உறுதியாக உண்டாக்க முடியாது. கலப்பில்லாமல் கொடுத்தால் நினைவு விரைவில் தப்பும், ஆனால் அதில் பாதி ஆக்சிஜன் குறைவினால் வருவது. பையை எடுத்ததும் நுரையீரல் வழியே வாயு விரைந்து வெளியேறிவிடும், நினைவும் திரும்பிவிடும். ஆகவே வெல்ஸின் கையில் இருந்தது சில விநாடி அகலமே உள்ள ஒற்றையடிப் பாலம். பத்துப் பன்னிரண்டு முறை அவர் அதில் நடந்துவிட்டார். உலகம் பார்த்துக்கொண்டிருந்த அன்று கால் இடறியது.

ஊர் திரும்பிய வெல்ஸ் நோயில் விழுந்தார். தொழிலை நடத்துவதும் மூடுவதுமாக இருந்தார். கானரிப் பறவைகளை விற்றார். குளியலுக்கான நீர்த்தாரைக் கருவி ஒன்றைச் செய்து விற்றார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். குளிக்கும் கருவிக்குக் காப்புரிமை கேட்டவர் உலகின் நோவைப் போக்கும் முறைக்குக் கேட்கவில்லை!

கேட்டவர் வேறொருவர். பாஸ்டனில் வெல்ஸ் அவமானப்பட்டதை அருகிருந்து கண்ட மார்ட்டன், வாயுவை விட்டுவிட்டு ஈதரை எடுத்துக்கொண்டார். சார்லஸ் ஜாக்சன் என்ற வேதியியலாரின் ஆலோசனையும் அவருக்குக் கிடைத்தது. 1846 அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அதே வாரன், ஒரு நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். மார்ட்டன் ஈதர் கொடுத்திருந்தார். நோயாளி அலறவில்லை. சில வாரங்களில் செய்தி கடல் கடந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. மார்ட்டனோ ஈதருக்கு நிறமும் மணமும் ஏற்றி, புதுப் பெயர் ஒன்றும் சூட்டிக் காப்புரிமை பெற்றார். நம் போன்றோர் முகர்ந்து பார்த்த உடனே ஈதர் என்று சொல்லிவிடக்கூடியதை எத்தனை நாள் மறைக்க முடியும்? பிறகு யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற சண்டை தொடங்கியது. மார்ட்டன் ஒருபுறம், ஜாக்சன் ஒருபுறம், வெல்ஸ் ஒருபுறம். இவர்கள் எல்லாருக்கும் முன்னதாக 1842லேயே ஜார்ஜியா மாநிலத்தில் க்ராபோர்ட் லாங் என்ற மருத்துவர் ஈதர் கொடுத்துக் கட்டி அறுத்திருக்கிறார். ஆனால் அதை 1849 வரை அவர் அச்சில் வெளியிடவில்லை. இந்தச் சண்டையின் விவரங்களுக்குள் நான் போகவில்லை. படிக்கப் படிக்க மனம் கசக்கிறது.

1846ஆம் ஆண்டின் இறுதியில் வெல்ஸ் பாரிஸ் நகருக்குக் கப்பலேறினார். எதற்குத் தெரியுமா? ஓவியங்களை வாங்கி வந்து அமெரிக்காவில் விற்பதற்கு! அங்கே இருந்த ப்ரூஸ்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்தாம் அவரை வற்புறுத்தி, அவருடைய உரிமையை அந்நாட்டு அறிஞர் அவைகளின் முன் வைக்கச் செய்தார். 1847இல் நாடு திரும்பித் தம் கண்டுபிடிப்பின் வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். அந்த ஆண்டின் இறுதியில் எடின்பரோ நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோபாரத்தைக் கண்டு சொன்னார். ஈதரைவிட இனிய மணம், ஈதரைவிட வேகம்.

1848 சனவரியில் வெல்ஸ் குடும்பத்தை ஹார்ட்போர்டில் விட்டுவிட்டு நியூயார்க் நகரில் தனியே தங்கினார். தொழிலை மீண்டும் நிலைநிறுத்த வேண்டும். அதற்காகக் குளோரோபாரத்தை ஆராய வேண்டும். முன்பு செய்தது போலவே தம் மீதே சோதித்தார். ஆனால் இம்முறை அருகே ரிக்ஸ் இல்லை. கோல்ட்டன் இல்லை. பையைப் பிடிக்கவும் எடுக்கவும் எவரும் இல்லை. ஒரு முறை முகர்ந்தவர் மறுமுறை முகர்ந்தார். நாளுக்கு நாள் முகர்ந்தார். ஆராய்ச்சி எந்த நாளில் முடிந்தது, ஆசை எந்த நாளில் தொடங்கியது என்பதை அவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் உள்ளம் துள்ளிய அந்த நாளை எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகின்றேன்.

சனவரி 21ஆம் நாள் அவருக்கு முப்பத்து மூன்றாம் பிறந்த நாள். அன்று சித்தம் கலங்கிய நிலையில் கந்தக அமிலத்தை எடுத்துக்கொண்டு பிராட்வே வீதியில் இறங்கி, அங்கு நின்ற விலைமகளிர் மீது வீசினார். நாலைந்து பேரின் நோவைக் கேட்கப் பொறாத மனிதர் செய்த காரியம் இது! காவலர் பிடித்துச் சிறையில் அடைத்தனர். சிறையில் மருந்தின் வேகம் தணிந்து தெளிவு வந்தது. தாம் செய்தது இன்னதென்று தெரிந்தது. மனைவிக்குக் கடிதம் எழுதினார். சனவரி 24ஆம் நாள் காலையில் அவர் உயிரற்றுக் கிடந்தார். குளோரோபாரத்தை முகர்ந்துவிட்டுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அறுவை சிகிச்சையில் வாயுவைப் பயன்படுத்தி நோவில்லாமல் செய்த முதல்வர் ஹொரேஸ் வெல்ஸ் என்று பாரிஸ் மருத்துவச் சங்கம் முடிவு செய்து, அவருக்கு மதிப்புறு மருத்துவர் பட்டமும் வழங்கியிருந்தது. ப்ரூஸ்டர் அதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். கப்பலில் வந்த கடிதம், பெற்றுக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மற்றவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1863இல் அதே கோல்ட்டன் சிரிப்பூட்டும் வாயுவை மீண்டும் பல் வைத்தியத்திற்குக் கொண்டுவந்தார். 1868இல் சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் அதனுடன் ஆக்சிஜனைக் கலந்து கொடுக்கும் வழியைக் காட்டினார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864லும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1870லும் வெல்ஸின் உரிமையை ஒப்புக்கொண்டன. ஹார்ட்போர்டு நகரின் புஷ்னெல் பூங்காவில் 1875இல் அவருக்குச் சிலை எழுந்தது. பாரிஸ் நகரிலும் 1910இல் ஒரு சிலை வைத்தார்கள். மனைவி எலிசபெத், கணவர் உலகுக்குத் தந்த கொடை தங்கள் குடும்பத்துக்குச் சாபமாகவே முடிந்தது என்று எழுதியிருக்கிறார். எந்தச் சிலையும் அதற்கு விடையாகாது.

படித்து முடித்ததும், சொன்னபடியே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். எனக்குக் கொடுத்த புரோபோபாலைப் பற்றியும் அதற்குள் தேடிப் படித்திருந்தேன். அது பால் போல் இருப்பதற்குக் காரணம், சோயா எண்ணெயும் முட்டையின் லெசித்தினும் சேர்ந்த பால்மத்தில் அதைக் கலந்து வைப்பதுதான். பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் இறந்ததும் அதே மருந்தினால்தான். உறக்கம் வேண்டி வீட்டில் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். இதை நான் சொன்னபோது டாக்டரம்மா தலையசைத்தார். மயக்க மருந்து மருத்துவர்களிலேயே அதற்கு அடிமையாகி மடிந்தவர்கள் பல நாடுகளில் உண்டு என்றார். மருந்து மூச்சையும் சேர்த்து அடக்கிவிடும், அதனால்தான் அறுவை முடியும் வரை தலைமாட்டை விட்டு நகராமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறோம் என்றார். நான் போரானில் நின்ற பிறகு நாற்பது நிமிடம் என் மூச்சு ஒவ்வொன்றையும் அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

என் ஆசை போய்விட்டதா என்று அவர் கேட்டார். முழுவதும் போகவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லாமல் இருந்தாயே, போதும் என்றார். மறுபடி எங்கேயாவது அறுவை என்று வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு என்றும் சொல்லி அனுப்பினார்.

சென்ற திங்களில் மூக்கைப் பார்த்த மருத்துவர், வளைவு அப்படியொன்றும் பெரிதல்ல, மூச்சுக்குத் தடையில்லை, சொட்டு மருந்தே போதும், அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் தாயார் அங்கிருந்து நேரே பிள்ளையார் கோவிலுக்குப் போய்ச் சிதறு தேங்காய் உடைத்தார். பொறுக்க ஓடிய பிள்ளைகளோடு நானும் குனிந்து ஒரு சில்லை எடுத்துக் கடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.